உடலை ஒரு திண்பொருளாகக் கொள்வோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அம்மா கட்சி. பிறந்ததிலிருந்து அம்மா கட்சி. வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று அப்பா கேட்கக்கூட மாட்டார். "ரெண்டுக்கு ஒண்ணு" என்று தானே எண்ணிக்கொண்டு எழுந்து போய்விடுவார். பல்கலைக்கழகத்தில் முதுகலை இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகள் மூன்று அலமாரியில் இருக்கின்றன. மனைவி ஓர் ஊருக்குப் போய்வர கணவன் சம்மதிக்க வேண்டும் என்று நினைக்கும் எந்த ஆணையும் பத்து நிமிடத்தில் தண்ணீர் கேட்க வைத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில், வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா பக்கம் நின்றேன்.

எனக்கு வேறு வழி இல்லை. நியாயம் அம்மா பக்கம் இருந்தது. இயற்பியல் அப்பா பக்கம் இருந்தது. ஒரு பெண்ணை இதைவிடக் கேவலமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

அப்பா மோட்டார் வைண்டிங் செய்பவர். எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. எரிந்துபோன மோட்டார்கள் வரும். அப்பா பழைய செம்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, மாவு மிஷின், எது சுற்றினாலும் அதன் உயிர் அவர் கையில். அதனால் உலகத்தில் சுற்றுகிற எதைப் பற்றியும் கடைசி வார்த்தை தன்னுடையது என்பது அவர் எண்ணம்.

அம்மா, நகர நீச்சல் குளத்தில் குதிப்புப் பயிற்சியாளர். பலகையிலிருந்தும் மேடையிலிருந்தும் அழகாகத் தண்ணீருக்குள் விழப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள். "உங்க அம்மாவுக்கு வேலை, ஊரார் பிள்ளைங்களை மேலேருந்து தள்ளிவிடறது" என்பது அப்பாவின் நகைச்சுவை. இருபது வருடமாக அதே நகைச்சுவை. வைண்டிங்கை மாற்றுபவர் இதை மட்டும் மாற்றியதில்லை.

அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. தூரத்து மலையூர் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி முகாம். நாடு முழுக்கப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர மூன்று பேர். அதில் ஒருத்தி அம்மா. இந்த அழைப்பு அவளுக்கு முன்பே இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் போகவில்லை. முதல்முறை நான் வயிற்றில் இருந்தேன். இரண்டாம்முறை அப்பா ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்தார். ("விழறதுக்குன்னே வீட்டுல ஒரு வாத்தியாரம்மா இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அம்மா சொன்னதாகக் கேள்வி.) அடுத்த வருடம் அம்மாவுக்கு ஐம்பது முடிகிறது. ஐம்பது முடிந்தவர்களை அந்த முகாமுக்கு அழைப்பதில்லை. இதை விட்டால் இல்லை.

அப்பா "போகாதே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். அவர் வேறு வேறு சொன்னார். "அங்க குளிர் எலும்பைக் கடிக்குமாமே" என்றார். "ரெண்டு மாசம்னா அறுபத்தொரு நாள் இல்ல?" என்றார். ஒருநாள் அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இது எந்தப் பக்கம் திருகினா எரியும்?" என்று கேட்டார். ஊரிலுள்ள மோட்டார் எல்லாம் எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரிந்தவருக்கு, சொந்த அடுப்பின் குமிழ் தெரியவில்லை.

இப்படி ஒரு வாரம் போனது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

சாப்பாடு பரிமாறிக்கொண்டே அம்மா, யாரும் கேட்காமலே, ஆரம்பித்தாள்.

"என் பசங்க பலகையை விட்டு நேராக் கிளம்புவாங்க. துளி திருப்பம் இருக்காது. காத்துல போனதுக்கு அப்புறம்தான் திரும்புவாங்க. மத்த ஊர்ல பலகையிலேயே உடம்பை முறுக்கிட்டுக் கிளம்பறாங்க, அதான் கால் கோணிக்குது."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னே?"

"காத்துல திரும்புவாங்கன்னேன்."

"எதைப் பிடிச்சுட்டு?"

"எதையும் பிடிக்காம."

"எதைத் தள்ளி?"

"எதையும் தள்ளாம."

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த திருப்புளி காலடியிலேயே கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தாம்மா, மேல பாரு. ஃபேன் சுத்துது. அதை எதுக்கு உத்தரத்துல கொக்கி போட்டு நட்டு போட்டு இறுக்கறோம்? அந்தரத்துல விட்டா என்ன ஆகும்? இறக்கை ஒரு பக்கம் சுத்தும், உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தும். இதையும் அதையும் கழிச்சா மிச்சம் சுழி, பூஜ்யம். சுத்தாம கிளம்பினது எதையும் தொடாம திரும்பவே திரும்பாது. மோட்டாருக்கும் அதான், மனுஷனுக்கும் அதான். கேளு உன் பொண்ணை."

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"அப்பா சொல்றது சரிதாம்மா" என்றேன். "கோண உந்தம் மாறாது. சுத்தற பொருளோட சுத்தல் கணக்கு அது. வெளியிலேருந்து யாரும் திருப்பிவிடலைன்னா, ஆரம்பத்துல சுழின்னா கடைசி வரைக்கும் சுழிதான்."

"அப்ப பூனை எப்படித் திரும்புது? முதுகு கீழ இருக்க விழுந்தாலும் காலை ஊனி நிக்குதே?"

"பூனைக்கு வால் இருக்கு" என்றார் அப்பா.

"வால் இல்லாத பூனையும் திரும்பும்" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

"அப்ப என் பசங்க எப்படிடி திரும்பறாங்க?"

"கிளம்பும்போதே பலகையை லேசா ஒரு பக்கமா உதைச்சிருப்பாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்காது."

இருபது வருடத்துக்கு மேலாக, ஒரு நாளைக்கு நூறு முறை, அந்தப் பலகையின் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பவளிடம் இதைச் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. "எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

அப்பா எழுந்து நின்றார். பெரிய தீர்மானங்களை அவர் நின்றுகொண்டுதான் அறிவிப்பார்.

"நான் உன்னைப் போக வேண்டாம்னு சொல்லலை. ஆனா தப்பைச் சொல்லிக்குடுக்கறதுக்கு ஒரு ஆளு ரயிலேறிப் போகணுமா? ஒரு மனுஷன் எதையும் பிடிக்காம, எதையும் தள்ளாம, நின்ன நிலையிலேருந்து தன் முகத்தை அரை வட்டம் திருப்ப முடியும்னு நிரூபிச்சுக் காட்டு. நானே பெட்டியைத் தூக்கிட்டு வந்து ரயிலேத்திவிடறேன். முடியலைன்னா வீட்டுல இரு."

"நிபந்தனை போட நீங்க யாருப்பா?" என்று நான் எழுந்தேன். "இது எந்தக் காலத்து..."

"உக்காருடி" என்றாள் அம்மா. "நியாயமாத்தானே கேக்கறார். ஆனா எப்படி நிரூபிக்கறது? தரையில நின்னா காலால தள்ளினேன்பீங்க. நல்லா வழுக்கிட்டுச் சுத்தற ஸ்டூல் ஒண்ணு இருந்தாலாவது பரவாயில்ல."

"நான் செய்யறேன்."

"உங்களுக்கு எங்க நேரம்?"

ஆறு மாதமாக அம்மா குளத்துப் பிள்ளைகளுக்காக அப்படி ஒரு ஸ்டூல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அஞ்சே நாள்" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயும் சும்மா வாயால சொல்லாத. முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு எழுதிக் காட்டு. முன்னாடி இதைப் பத்தி எழுதித் தாடின்னப்ப பரீட்சைன்னே."

"ஒரு வாரத்துல தரேன்" என்றேன் நான். சவால் என்று வந்தால் எனக்குப் பரீட்சை ஞாபகம் வராது.

அடுத்த ஐந்து நாள் பட்டறையில் ஊர் மோட்டார்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. பெரிய பம்பு மோட்டார் ஒன்றிலிருந்து எடுத்து எட்டு வருடமாக எண்ணெய்த் துணியில் பொதிந்து வைத்திருந்த ஒரு பேரிங்கை அப்பா வெளியில் எடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவினார். குண்டு குண்டாகத் துடைத்தார். தடிமனான கிரீஸ் போட்டால் இழுக்கும் என்று தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். அடியில் இரும்பு வட்டு, மேலே மர இருக்கை, நடுவில் அந்தப் பேரிங். வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, சுண்டுவிரலால் இருக்கையைத் தொட்டார். தொட்டார், அவ்வளவுதான். அது கிளம்பியது. சத்தமே இல்லை. நான் பல் தேய்த்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது.

கோபத்தில் இருந்த நான்கூடக் கொஞ்சம் வாய் பிளந்தேன். இந்த மனிதருக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது என்று யார் நம்புவார்கள்?

அப்பா தானே ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டார். இரண்டு கையையும் வலப்பக்கம் வீசினார். உடம்பு இடப்பக்கம் போனது. கையைத் திருப்பி வீசினார். உடம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. பத்து முறை வீசினார். பத்து முறையும் பட்டறைக் கதவைப் பார்த்தே முடிந்தார்.

"பாத்தியா புரொபசரே. போனது வந்துடும். உங்கம்மா சாயங்காலம் வரைக்கும் ஆட்டினாலும் கதவைத்தான் பாத்துட்டு இருப்பா."

அவர் சிரிப்பில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு எரிந்தது. என் கையில் இருந்த ஏழு பக்கங்களும் அதையேதான் சொல்லின என்பதால் இன்னும் எரிந்தது.

அன்று மதியம் அம்மா குளத்துத் துண்டுகளை மடித்துக்கொண்டே அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படித்தாள். சமன்பாடுகளைத் தாண்டித் தாண்டி வந்து, ஏழாம் பக்கத்தில் நின்றாள்.

"இங்க ஒரு உருளை படம் போட்டிருக்கியே, அது யாரு?"

"நீதாம்மா."

"நானா?"

"கணக்குக்காகம்மா. மேல எழுதியிருக்கேன் பாரு, 'உடலை ஒரு திண்பொருளாகக் கொள்வோம்'னு."

"அப்படின்னா?"

"வளையாது. மடங்காது. ஒரு பாகமும் இன்னொரு பாகத்தைவிட்டு நகராது. கல்லு மாதிரி, உலக்கை மாதிரி."

அம்மா துண்டை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா இந்த வீட்டுல ரெண்டு பேரும் என்னை அப்படித்தான் கொண்டிருக்கீங்களா?"

"அம்மா, இது ஒரு எளிமைப்படுத்தல். எல்லாப் புத்தகத்துலயும்..."

"நான் மடங்குவேன்டி" என்றாள் அம்மா. "என் வேலையே மடங்கறதுதான்."

அடுத்த துண்டை எடுத்து நான்காக மடித்தாள்.

நான் கோபமாக எழுந்து நூலகம் போனேன். அம்மா சொன்னது வாதமே இல்லை என்று எனக்கு நானே நிரூபிக்க உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பென்சிலைக் கீழே வைத்தேன். சுழி சுழிதான். அதில் தப்பு இல்லை. ஆனால் உருளையை எடுத்துவிட்டு, கை இருக்கிற, இடுப்பு இருக்கிற, மடங்குகிற ஒருத்தியை அந்தச் சமன்பாட்டில் உட்காரவைத்தால், அவள் திரும்பக் கூடாது என்று எந்த வரியும் சொல்லவில்லை. நான் தேடிப் பார்த்தேன். ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆனாலும் திரும்புவாள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. காகிதத்தில் சாத்தியமானதெல்லாம் ஸ்டூலில் நடக்குமா?

சனிக்கிழமை மாலை பட்டறையில் வழக்கு நடந்தது. சாட்சிக்கு எதிர்வீட்டுப் பல் மருத்துவரை அப்பாவே கூட்டிவந்தார். தெருவிலேயே நடுநிலையான ஆள் அவர்தான். யார் வாயில் கைவைத்தாலும் ஒரே அளவுதான் வலிக்கும். நான் விதிகளை வாசித்தேன். கால் தரையில் படக் கூடாது. எதையும் தொடக் கூடாது. அசையாத நிலையில் தொடங்க வேண்டும். தொடங்கும்போது முகம் கதவைப் பார்க்க வேண்டும், முடியும்போது பின்சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், பார்த்து நிற்க வேண்டும்.

"கையில ஏதாவது வெச்சுக்கலாமா?" என்றாள் அம்மா.

"என்ன வேணா வெச்சுக்கோ" என்றார் அப்பா தாராளமாக. "பட்டறையையே வெச்சுக்கோ."

அம்மா வேலை மேசையிலிருந்து இரண்டு செம்புக் கம்பிச் சுருள்களை எடுத்தாள். புதுச் சுருள்கள், ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் கனம். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். நான் இருக்கையைப் பிடித்து அசையாமல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன்.

அம்மா இரண்டு கையையும் முன்னால் முழுதாக நீட்டினாள். நீட்டியபடியே வலப்பக்கம் மெல்லக் கொண்டுபோனாள். உடம்பு இடப்பக்கம் திரும்பியது. கை நின்றது. உடம்பும் நின்றது.

"இதை நானே செஞ்சேன்" என்றார் அப்பா. "இப்ப திரும்பி வரும் பாரு."

அம்மா கையைத் திருப்பி வீசவில்லை. முதலில் இரண்டு சுருளையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நெஞ்சோடு ஒட்டியபடியே இடப்பக்கம் கொண்டுவந்தாள். உடம்பு பின்னால் வந்தது. ஆனால் கொஞ்சம்தான் வந்தது. ஒரு ஜாண் போயிருந்தது, நாலு விரல்தான் திரும்பியது. மறுபடி கையை நீட்டினாள்.

பல் மருத்துவர் முன்னால் குனிந்தார்.

நீட்டி வலப்பக்கம். அணைத்து இடப்பக்கம். நீட்டி வலப்பக்கம். அணைத்து இடப்பக்கம். துணி பிழிவது மாதிரி, அவசரமே இல்லாமல். ஒவ்வொரு தடவையும் கதவு அவளை விட்டுக் கொஞ்சம் விலகியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவள் கையை அல்ல, கை நிற்கும் கணத்தை. கை எப்போதெல்லாம் நின்றதோ அப்போதெல்லாம் உடம்பும் நின்றது. சுற்று என்று ஒன்று சேர்ந்து மிச்சமாகவே இல்லை. எந்தக் கணத்தில் நிறுத்திக் கேட்டாலும் கணக்கு சுழி. சுழியையே சேர்த்துச் சேர்த்து அவள் ஜன்னலைக் கடந்தாள், கம்பி அலமாரியைக் கடந்தாள். தூரத்தில் இருக்கும் கனம் உடம்பை நிறையத் திருப்பும், பக்கத்தில் இருக்கும் கனம் குறைவாகத் திருப்பும். இது எனக்குப் பதினோராம் வகுப்பிலிருந்து தெரியும். எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒருத்தி இதன்மேல் ஏறி உட்கார்ந்து ஓர் அறையைக் கடந்துபோக முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாவது வீச்சில் அம்மா கடிகாரத்துக்கு நேராக நின்றாள்.

"மணி ஆறு பத்து" என்றாள், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி.

பல் மருத்துவரின் வாய் திறந்திருந்தது. அவர் தொழிலில் அது மற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

அப்பா ஸ்டூலைச் சுற்றி வந்தார். குனிந்து பேரிங்கைப் பார்த்தார். அதைக் குறைசொல்ல முடியாது, அவர் செய்தது. எழுந்தார்.

"இது ஸ்டூல். நான் சொன்னது காத்து. காத்துல கம்பிச் சுருள் ஏது? நாளைக் காலையில குளத்துக்கு வர்றோம். நீ செஞ்சு காட்டு. உன் பசங்க இல்ல, நீ."

"அப்பா, அம்மா மேடையேறி ஏழெட்டு வருஷம் ஆகுது" என்றேன்.

"அதனாலதான் சொல்றார்" என்றாள் அம்மா, சுருள்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு.

இந்த முறை எனக்கு இயற்பியலிடமும் கோபம் இல்லை, அம்மாவிடமும் இல்லை. மொத்தமும் அப்பாவுக்கு ஒதுக்கினேன். அன்று மாலையே எட்டாம் பக்கம் தொடங்கி, படுக்கப்போகும் முன் பன்னிரண்டாம் பக்கத்தை முடித்தேன். இந்தப் பக்கங்களில் உருளை இல்லை. கையும் காலும் இடுப்பும் உள்ள ஒருத்தி இருந்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குளத்தில் யாரும் இல்லை. ஐந்து மீட்டர் மேடை, சிமென்ட், கீழே பச்சையாகத் தண்ணீர். அம்மா தலைக்குத் தொப்பி போட்டு, நீச்சலுடையில், படிகளில் ஏறினாள். கிளம்பும்போது மேடையை ஒரு பக்கமாக உதைக்கிறாளா என்று பார்க்க அப்பா கூடவே ஏறியாக வேண்டும்; அவர் போட்ட விதி அது. நானும் அவர் பின்னால் ஏறினேன். ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அப்பா நாற்காலி மேல்கூட ஏறுவதில்லை. படிக்கு ஒரு முறை நின்று, மேலே வந்ததும் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல் மருத்துவர் கீழே, குளத்தின் ஓரத்தில், மெதுவாக ஓடும் படம் எடுக்கக் கைபேசியோடு நின்றார்.

"பயமா இருக்கா?" என்று அப்பா கேட்டார். குரல் நடுங்கியது. கேட்டது அம்மாவை.

"நீங்க கம்பியை விடாம இருங்க, எனக்கு ஒரு பயமும் இல்ல."

அம்மா மேடை நுனிக்குப் போனாள். எங்களுக்கு முதுகு. கையிரண்டும் உடம்போடு. பாதங்கள் நேராக. அப்பா கழுத்தை நீட்டி அந்தப் பாதங்களையே பார்த்தார். நானும் பார்த்தேன். உதைக்கவில்லை. முறுக்கவில்லை. பேருந்து நின்றபின் இறங்குகிறவள் மாதிரி ஒரு காலை எடுத்து வெளியில் வைத்தாள்.

ஐந்து மீட்டர் விழ ஒரு நொடி. நான் கணக்குப் போட்டவள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நொடிக்குள் எத்தனை இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

முதலில் ஒன்றும் இல்லை. நேராக, கல் மாதிரி, என் ஏழாம் பக்கத்து உருளை மாதிரி விழுந்தாள். முதுகு எங்கள் பக்கமே இருந்தது. அப்புறம் இடுப்பில் மடிந்தாள். மடிந்த இடம் ஒரு வட்டம் போட்டது. பானைக்குள் கரண்டியைச் சுழற்றுவது மாதிரி ஒரே ஒரு வட்டம். இடுப்பு ஒரு பக்கம் வட்டம் போட, உடம்பு மறுபக்கம் திரும்பியது. பிடிக்க ஒன்றும் இல்லை. தள்ள ஒன்றும் இல்லை. வெறும் காற்று. வட்டம் முடிந்தது, அவள் நிமிர்ந்தாள், நிமிர்ந்ததும் திருப்பமும் நின்றது. போகும்போது முதுகைக் காட்டிப் போனவள், தண்ணீரைத் தொடும்போது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அண்ணாந்து, அப்பாவையே பார்த்தபடி, கால் முதலில் தண்ணீருக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம்கூட வரவில்லை.

விதி எதுவும் உடையவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. உடைந்திருந்தால் அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். சுழி சுழியாகவே இருக்க, அதே விதிக்குள்ளேயே, அம்மா தனக்கு வேண்டிய பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு வருடம் நான் அந்த விதியைச் சுவராகவே பார்த்துவந்தேன். அவளுக்கு அது தரை.

கீழே பல் மருத்துவர் திரையை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். "கால் மேடையை விடும்போது தோள் நேரா இருக்கு" என்று கத்தினார். "இடுப்பும் நேர். நான் சத்தியம் பண்ணுவேன்."

அப்பா தண்ணீரையே பார்த்தார். அம்மா தலையை வெளியே நீட்டித் தொப்பியைச் சரிசெய்தாள்.

"இன்னொரு தடவை" என்றார் அப்பா.

"சந்தேகமா?" என்றாள் அம்மா கீழேயிருந்து.

"இல்ல." கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். "பாக்கணும்."

அம்மா மூன்று முறை குதித்தாள். மூன்று முறையும் முதுகைக் காட்டிப் போய் முகத்தைக் காட்டி விழுந்தாள். மூன்றாவது முறை அப்பா இரண்டு கையையும் விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அப்பா எழுந்து நின்றார்.

"நான் சொன்ன வார்த்தை மாறாதவன்" என்று அறிவித்தார். "நீ போய்ட்டு வா. பெட்டியை நான் தூக்கறேன். ரெண்டு மாசம் நாங்க பாத்துக்கறோம். அடுப்பை எந்தப் பக்கம் திருகணும்னு மட்டும் எழுதி ஒட்டிட்டுப் போ." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஸ்டூலைப் பிரிச்சுடறேன். பேரிங்கை எடுத்துத் துணியில கட்டணும்."

"பிரிக்காதீங்க" என்றாள் அம்மா. "அது என்கூட வருது."

"எங்க?"

"முகாமுக்கு."

நீச்சல் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இத்தனை நாள் நாங்கள் பார்த்தது முதல் பக்கம் மட்டும். இப்போது இரண்டாம் பக்கமும் இருந்தது. நான் எடுத்து வாசித்தேன். பயிற்சியாளர்கள் தாங்கள் கற்பிக்கும் முறையைச் செய்துகாட்ட ஒரு கருவியும், அதன் அறிவியலை விளக்கும் எழுத்துக் குறிப்பும் கொண்டுவர வேண்டும், இரண்டும் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ள இயலாது என்று இருந்தது. அதோடு அம்மா எழுதிய பதிலின் நகலும் இருந்தது. கருவி தயாராகிவருகிறது, செய்பவர் இந்த ஊரிலேயே சிறந்த மோட்டார் வைண்டிங்காரர். குறிப்பு எழுதுபவர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவி. குறித்த தேதியில் வந்து சேர்கிறேன்.

பதிலில் போட்டிருந்த தேதி, சாப்பாட்டு மேசையில் அப்பா சவால் விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தையது.

"அம்மா, நான் இதை ஒத்துக்க முடியாது" என்றேன். "நேரடியா கேட்டிருக்கலாமே. நாங்க என்ன..."

"கேட்டேனே. ஆறு மாசமா கேட்டேன்." என் பன்னிரண்டு பக்கங்களையும் எடுத்து, ஏழாவதை மட்டும் உருவி என்னிடமே நீட்டினாள். "இது வேண்டாம். மிச்சத்தைச் சுத்தமா, அடித்தல் இல்லாம, பெரிய எழுத்துல எழுதிடு. என்னங்க, ஸ்டூல் அடி வட்டுக்கு ரப்பர் ஒட்டிடுங்க, அங்க டைல்ஸ் தரையாம்."

சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பட்டறையில், ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"புரொபசரே."

"என்னப்பா."

"நம்மளை யாராவது பிடிச்சு இழுத்தாங்களா?"

"இல்லப்பா."

"தள்ளினாங்களா?"

"இல்லப்பா."

"அப்புறம் எப்படி நாம ரெண்டு பேரும் இந்தப் பக்கம் திரும்பினோம்?"

நான் எட்டாம் பக்கத்தை, பெரிய எழுத்தில், அடித்தல் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.